சொல்லாமல் விட்ட காய்ச்சல்

காய்ச்சல் மருந்தைக் கரண்டியில் ஊற்றிக்கொண்டு அவள் மகனுக்கு எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். தம்பு வாயை இறுக்கி மூடிக்கொண்டான். நான்கு வயதுக்கு மீறின பிடிவாதம். கெஞ்சிப் பார்த்தாள், கதை சொல்லிப் பார்த்தாள், கடைசியில் ஓர் அதட்டல் போட்டதும் வாய் திறந்தது. பாதி உள்ளே போயிற்று, பாதி சட்டையில் வழிந்தது. சட்டை மாற்ற நேரமில்லை. அதன் மேலேயே ஒரு ஸ்வெட்டரை மாட்டினாள்.

நெற்றி கொதித்தது. ஆனால் அவள் பயப்படவில்லை. இதற்கு முன்பும் இப்படிச் செய்திருக்கிறாள். மருந்து கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் சூடு இறங்கிவிடும், மாலை வரை தாங்கும். அதற்குள் அவள் வேலை முடிந்து வந்துவிடுவாள். சளிக் காய்ச்சல்தானே, இரண்டு நாளில் தானாகப் போய்விடும் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கு இதுவரை பொய்த்ததும் இல்லை.

அவள் ஒரு பார்சல் அலுவலகத்தில் கவுண்டரில் இருந்தாள். பெட்டிகளை எடை போட்டு, முகவரி சரி பார்த்து, சீட்டு ஒட்டி உள்ளே தள்ளுகிற வேலை. வருடக் கடைசி. பெட்டிகள் வாசல் வரை அடுக்கியிருந்தன. போன மாதம் தம்புவுக்கு வயிற்றுப்போக்கு வந்து லீவு போட்டபோது, மேனேஜர் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார், இன்னொரு தடவை இப்படித் திடீரென்று லீவு கேட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக. கணவன் தூரத்துத் துறைமுகம் ஒன்றில் கிரேன் ஓட்டினான். சில மாதங்களுக்கு ஒரு முறைதான் வருவான். ஆக, பிள்ளையும் அவளும் மட்டும்தான்.

குழந்தைகள் காப்பகம் இருந்த தெருவுக்கு முந்தின முனையில் ஒரு பஸ் நிறுத்தம். அங்கே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காப்பகத்து டீச்சர் வாசலில் நின்று வருகிற ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியையும் புறங்கையால் தொட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுவாள். அதனால் மருந்து வேலை செய்யட்டும் என்று இவள் காத்திருந்தாள். தம்புவின் கழுத்தில் வியர்வை துளிர்த்ததும் எழுந்தாள்.

டீச்சர் தொட்டுப் பார்த்தாள். லேசாகப் புருவம் சுருங்கியது.

"கொஞ்சம் கதகதன்னு இருக்கானே?"

"ஸ்வெட்டர் போட்டிருக்கான்ல டீச்சர், அதான்" என்றாள் அவள். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

உள்ளே போன தம்பு நேராக சிட்டுவைத் தேடித்தான் ஓடியிருப்பான். அவனுக்கு அங்கே சிட்டுதான் எல்லாம். சிட்டுவுக்கு ஐந்து வயது. தலையில் முடி இப்போதுதான் பிரஷ் மாதிரி முளைத்து வந்திருந்தது. இரத்தப் புற்றுநோய்க்கு நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, மாத்திரைகளோடு வெளியே அனுப்பப்பட்டவள். பிள்ளைகளோடு பிள்ளையாகக் கொஞ்ச நேரம் இருக்கட்டும், ஆனால் ஜாக்கிரதை என்று டாக்டர்கள் சொல்லித்தான் அனுமதித்திருந்தார்கள்.

அவளைச் சேர்த்த அன்று, சிட்டுவின் அம்மா மற்ற பெற்றோர்களிடம் சிறிது நேரம் பேசினாள். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருப்பவள். அதிகம் பேசிப் பழக்கமில்லாதவள். சிட்டு சாப்பிடுகிற மருந்து நோயை அழிக்கும்போதே நோயை எதிர்க்கிற சக்தியையும் சேர்த்து அழித்துவிடுகிறது, மற்ற பிள்ளைகளுக்குச் சாதாரணமாக வந்துபோகிற காய்ச்சலும் கொப்புளமும் இவளுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம் என்று விளக்கினாள். யாரும் பிள்ளையை நிறுத்த வேண்டாம், முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தானே சிட்டுவை அழைத்துப் போய்விடுவதாகச் சொன்னாள். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். தம்புவின் அம்மாவுக்கும் அன்று கண் கலங்கியது உண்மைதான்.

அன்று மாலை தம்புவைக் குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றினாள். வயிற்றில் சிவப்பாக நாலைந்து புள்ளிகள். கொசுக்கடி என்று நினைத்தாள். தண்ணீர் ஊற்றித் துடைத்தபோது காதுக்குப் பின்னால் ஒன்று தெரிந்தது. அதன் நுனியில் பனித்துளி மாதிரி நீர் கோத்திருந்தது. அவளுக்கும் சின்ன வயதில் வந்திருக்கிறது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. சின்னம்மை.

இன்றைக்கு என்ன விளையாடினாய் என்று மகனிடம் கேட்டாள், சாதாரணமாகக் கேட்கிற மாதிரி.

"நானும் சிட்டுவும் போர்வைக்குள்ள ஒளிஞ்சோம். டீச்சர் தேடிக்கிட்டே இருந்தாங்க" என்றான் அவன், பெருமையோடு.

டீச்சரின் எண்ணை எடுத்தாள். மணி ஒலிக்கத் தொடங்கியதும் துண்டித்தாள். என்னவென்று சொல்வது? காலையிலேயே காய்ச்சல் இருந்தது, மருந்து கொடுத்து மறைத்தேன் என்றா? காப்பகத்திலிருந்து பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். அந்தப் பகுதியில் வேறு காப்பகம் இல்லை. காப்பகம் இல்லையென்றால் வேலை இல்லை. கணவனைக் கூப்பிட்டாள். தங்கள் பிள்ளையிடமிருந்துதான் தொற்றியது என்று யார் நிரூபிக்கப் போகிறார்கள், எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாமே என்றான். ஊருக்குப் போவதாகச் சொல்லி ஒரு வாரம் நிறுத்தி வை, அதற்குள் காய்ந்துவிடும் என்று யோசனையும் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. வீட்டுக்கு வெளியே இருப்பவனுக்கு வீட்டை மட்டும் காப்பாற்றினால் போதும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அவளும் அதையே செய்தாள். குடும்ப விஷயமாக வெளியூர் போகிறோம் என்று டீச்சருக்குத் தகவல் அனுப்பினாள். மறுநாள், ஏற்கெனவே அம்மை கண்டிருந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். கவுண்டரில் நின்றாளே தவிர மனசு அங்கே இல்லை. ஒரே பெட்டிக்கு இரண்டு தடவை சீட்டு ஒட்டினாள். போன் அடிக்கும்போதெல்லாம் தூக்கிவாரிப் போட்டது.

அதற்கடுத்த நாள் தம்புவுக்கு முகமெல்லாம் கொப்புளம். வேலைக்குக் கிளம்புமுன், தெருக்கோடியில் இருந்த லேடி டாக்டரிடம் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

டாக்டர் அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை, அரிப்புக்கு மருந்து தருகிறேன் என்றார். காய்ச்சல் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டதற்கு, மருந்து கொடுத்ததும் இறங்கிவிட்டது என்று மட்டும் அவள் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"காய்ச்சல் வந்தா உடம்பு தோத்துப் போச்சுன்னு எல்லாரும் நெனக்கிறாங்க. அப்படி இல்லம்மா. உள்ள வந்த கிருமிய அடையாளம் கண்டுபிடிச்சு உடம்பு சண்டை போடுது. அந்தச் சண்டையோட சூடுதான் இது. மருந்து குடுத்தா சூடு இறங்கும், கிருமி இறங்காது. அது மூச்சுல, தும்மல்ல வெளிய போயிட்டேதான் இருக்கும். கொப்புளம் கிளம்புறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே அது அடுத்த பிள்ளைக்குப் போக ஆரம்பிச்சிடும்."

இரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்களைப் பற்றியும் அவர் சொன்னார். அவற்றில் சில, கிருமியை அப்படியே விழுங்கும். சில, அந்தக் கிருமிக்கென்றே எதிர்ப்புப் பொருளை உருவாக்கும். இன்னும் சில, சண்டை முடிந்த பிறகும் அந்தக் கிருமியின் அடையாளத்தை மறக்காமல் வைத்திருக்கும்; அதனால்தான் பெரும்பாலும் இது இரண்டாம் முறை வருவதில்லை. தம்புவின் உடம்பு இப்போது அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது, நன்றாகவே படிக்கிறது என்றார். இதற்குத் தடுப்பூசி இருக்கிறதே, போடவில்லையா என்று கேட்டார். அவள் தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு மறந்தே போயிருந்தாள்.

பிறகு டாக்டர் சாதாரணமாகக் கேட்டார். "இவன்கூட விளையாடுற பிள்ளைங்கள்ல, பெரிய வியாதிக்கு மருந்து சாப்பிடுறவங்க யாராவது இருக்காங்களா?"

அவள் தம்புவின் சட்டையை இழுத்துவிட்டாள். "இல்ல டாக்டர்" என்றாள்.

"இருந்தா உடனே சொல்லணும். அந்த மாதிரி பிள்ளைங்க உடம்புல சண்டை போட ஆளே இருக்காது. இந்தத் தடுப்பூசியக்கூட அவங்களுக்குப் போட முடியாது. நம்ம பிள்ளைக்குத் தோலோட நிக்கிறது அவங்களுக்கு நுரையீரலுக்குப் போகும், ஈரலுக்குப் போகும், மூளைக்கும் போகும். சில சமயம் காய்ச்சல்கூட அடிக்காது. வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ள எல்லாம் நடந்துட்டிருக்கும்."

"அப்போ அவங்களுக்கு வழியே இல்லையா டாக்டர்?"

"இருக்கு. வேற ஆளோட ரத்தத்துலேருந்து எதிர்ப்புப் பொருள எடுத்து ஊசியாப் போடுவாங்க. ஆனா கிருமி பட்ட நாலு நாளுக்குள்ள போட்டாத்தான் நல்ல பலன். தள்ளத் தள்ள பலன் குறையும்."

அவள் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் நின்று நாட்களை எண்ணினாள். கொப்புளம் தெரிந்தது முந்தாநாள் மாலை. அதற்கு முந்தின நாளும் தம்பு காப்பகத்துக்குப் போயிருந்தான். அப்படியென்றால் இன்று மூன்றாவது நாளோ நாலாவது நாளோ. தோளில் சாய்ந்திருந்த பிள்ளை அரிக்கிறது என்று சிணுங்கினான். அவன் உடம்பின் சூடு அவள் கழுத்தில் பட்டது. இந்தச் சூடுகூட வராத உடம்பு ஒன்று, கடைத்தெருத் தையல் கடையில் துணிகளுக்கு நடுவே இப்போது விளையாடிக்கொண்டிருக்கும்.

வரிசையில் நின்றவர்களைத் தாண்டிக்கொண்டு திரும்ப உள்ளே போனாள்.

"பொய் சொல்லிட்டேன் டாக்டர். இருக்கு. ஒரு பொண்ணு இருக்கு."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. இப்போதே, இங்கிருந்தே, நீங்களே பேசுங்கள் என்று மட்டும் சொன்னார்.

தையல் கடையில் மிஷின் ஓடுகிற சத்தத்தோடு போன் எடுக்கப்பட்டது. அவள் சுற்றி வளைக்கவில்லை. தம்புவுக்குச் சின்னம்மை, அன்றைக்குக் காலையிலேயே காய்ச்சல் இருந்தது, மருந்து கொடுத்து மறைத்து அனுப்பினேன், இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் விளையாடியிருக்கிறார்கள் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். மிஷின் நின்றது.

"கொப்புளம் எப்பப் பாத்தீங்க?"

"முந்தாநாள் சாயங்காலம்."

"முந்தாநாள்" என்று அந்தப் பக்கம் ஒரு முறை திரும்பச் சொன்னது. அதற்கப்புறம் போன் துண்டிக்கப்பட்டது.

தம்புவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு அவள் அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது போன் மறுபடி அடித்தது. சிட்டுவின் அம்மாதான். ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அவற்றுக்கெல்லாம் நேரமில்லாதவளின் குரல். அந்த ஊசி இங்கே இருப்பு இல்லையாம். பக்கத்துப் பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் இருக்கிறதாம், குளிர் குறையாமல் கொண்டுவர வேண்டுமாம். போய் வாங்கிக்கொண்டு திரும்புவதென்றால் நாளைக்காகிவிடும்.

"உங்க ஆபீசுக்கு அந்த ஊர்லேருந்து தெனமும் வண்டி வருமில்ல? அதுல கொண்டு வர முடியுமா?"

அவள் நேராக மேனேஜர் முன்னால் போய் நின்றாள். கவுண்டரில் இருந்தவர்கள், பெட்டி தூக்குகிறவர்கள் எல்லோரும் கேட்க நடந்ததை முழுதாகச் சொன்னாள். மேனேஜர் கேட்டு முடிக்குமுன்பே அந்த ஊர்க் கிளைக்குப் போன் போட்டார். ஐஸ் வைத்த பெட்டியில் வாங்கி வைக்கச் சொன்னார், பின்னால் போடாமல் டிரைவர் பக்கத்தில் வைக்கச் சொன்னார், வண்டியை வழியில் எங்கேயும் நிறுத்தக் கூடாது என்றார். போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"அன்னைக்கே லீவு கேட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?"

"கேட்டா வேலை போயிடும்னு சொன்னது நீங்கதான் சார்."

மேசை மேல் இருந்த சீட்டுக் கட்டைத் தேவையில்லாமல் ஒழுங்குபடுத்தினார்.

வண்டி மதியத்துக்கு மேல் வர வேண்டியது. வரவில்லை. டிரைவரைக் கூப்பிட்டால் பாலத்தில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது என்றான். அவள் வாசலுக்கும் கவுண்டருக்குமாக நடந்தாள். சிட்டுவின் அம்மா இன்னொரு முறை கூப்பிடவில்லை. அதுதான் அவளை அதிகம் வதைத்தது. வெயில் தாழ்ந்து, எதிர்ச்சாரிக் கட்டடங்களின் நிழல் வாசலைத் தொட்டபோதுதான் வண்டி திரும்பி உள்ளே வந்தது. நிற்பதற்குள் கதவைப் பிடித்துக்கொண்டாள். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் சிட்டுவைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். கண்ணாடி வழியே தெரிந்தது. கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, துண்டுத் துணிகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பார்க்க ஒரு குறையும் இல்லை. சிட்டுவின் அம்மா வெளியே வந்தாள், பெட்டியை வாங்கினாள், இவள் முகத்தைப் பார்க்காமலே நர்சிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். கதவு சாத்திக்கொண்டது.

ஊசி போட்டாயிற்று என்று பிறகு டீச்சர் மூலம்தான் தெரிந்தது. ஆனால் அத்தோடு முடியவில்லை. கிருமி உள்ளே போயிருந்தால் நான்கு வாரம் வரைக்கும் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம், அதுவரை கண் மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள்.

தம்புவின் கொப்புளங்கள் காய்ந்து பொருக்காகி உதிர்ந்தன. அவன் நாற்காலி மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியாமல் தவித்தாள். தினமும் காலையில் டீச்சரிடம் கேட்பாள். ஒன்றுமில்லை என்று பதில் வரும். மூச்சு விடுவாள். மறுநாள் காலையில் மறுபடி அதே பயம்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் பதில் மாறியது. சிட்டுவின் கழுத்தில் கொப்புளம் கிளம்பியிருக்கிறது, ஆனால் காய்ச்சல் இல்லை என்றாள் டீச்சர், அதை ஆறுதலாக நினைத்து. தம்புவின் அம்மாவுக்கு ஆறுதல் வரவில்லை. காய்ச்சல் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று இப்போது அவளுக்குத் தெரியும். அந்தச் சின்ன உடம்பு சண்டையே போடவில்லை.

அடுத்த சில நாட்கள் சிட்டுவுக்கு மூச்சு இளைத்தது. நெஞ்சில் சளி கட்டியது. ஆக்சிஜன் வைத்தார்கள், நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். புற்றுநோய்க்கான மாத்திரைகளையும் நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரு நோயிடமிருந்து காப்பாற்ற இன்னொரு நோய்க்கு இடம் கொடுக்க வேண்டிய நிலை. தம்புவின் அம்மா வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் வராந்தாவில் நிற்பாள். சிட்டுவின் அப்பா ஒரு நாள் அவளைப் பார்த்துவிட்டு, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். திரும்பிவிட்டாள். ஆனால் மறுநாளும் போனாள்.

ஊசி கொஞ்சம் தாமதமாகப் போனாலும் வீண் போகவில்லை. கொப்புளங்கள் பரவாமல் நின்றன. நெஞ்சு தெளிந்தது. ஒரு காலையில் சிட்டு தனக்குப் பசிக்கிறது என்று சொன்னாளாம். அதைக் கேட்டு அவள் அம்மா முதல் தடவையாக உட்கார்ந்து அழுதாளாம். முதல் நாளே ஊசி போட்டிருந்தால் இந்த அளவுக்குக்கூட வந்திருக்காது என்று டாக்டர்கள் சொன்னதையும் டீச்சர் மறைக்கவில்லை.

சிட்டு வீட்டுக்கு வந்த பிறகு டீச்சர் பெற்றோர்களைக் கூட்டினாள். யார் பெயரையும் எடுக்கப் போவதில்லை, பொதுவாகப் பேசிவிட்டு முடித்துக்கொள்ளலாம் என்று தம்புவின் அம்மாவிடம் முன்னாலேயே தனியாகச் சொல்லியிருந்தாள். பிள்ளைகளின் சின்ன நாற்காலிகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். சிட்டுவின் அம்மா கதவோரம் நின்றாள்.

டீச்சர் பேச ஆரம்பிக்குமுன் தம்புவின் அம்மா எழுந்தாள்.

"அது என் பையன்தான். காய்ச்சல் மருந்து குடுத்து, பஸ் ஸ்டாப்ல காத்திருந்து, சூடு இறங்குனதும் கூட்டிட்டு வந்தேன். கொப்புளத்தப் பாத்த பிறகும் ரெண்டு நாள் வாயத் திறக்கல. வேலைக்குப் பயந்தேன். என் வேலைய அந்தக் கொழந்தையோட உயிரோட ஒரே தராசுல வெச்சுட்டேன்."

யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஒருவர் தரையைப் பார்த்தார், ஒருவர் தன் செருப்பைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, பின்வரிசையில் இருந்த பாங்க் ஊழியர் ஒருவர் மெதுவாகச் சொன்னார், தானும் போன வாரம் அப்படித்தான் பெண்ணை அனுப்பியதாக. அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண், தான் அப்படிச் செய்ததற்குக் கணக்கே இல்லை என்றாள். லீவு கேட்டால் முறைக்கிறார்கள், என்ன செய்வது என்றார் இன்னொருவர். தன் மேனேஜர் இப்போது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஷிப்டை மாற்றித் தருகிறார், ஆனால் தன்னைக் கவுண்டரிலிருந்து எடுத்துப் பின்கட்டில் பெட்டி பிரிக்கப் போட்டுவிட்டார் என்று அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

எல்லோரும் கதவோரம் திரும்பினார்கள். சிட்டுவின் அம்மா ஏதாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார்கள். சபிப்பாள் என்று சிலர் நினைத்திருக்கலாம், மன்னிப்பாள் என்று சிலர் நினைத்திருக்கலாம். அவள் இரண்டும் செய்யவில்லை.

"தம்பு அம்மா மேல எனக்குக் கோவம் தீரல. தீரும்னு பொய் சொல்லவும் மாட்டேன். ஆனா அவங்க பேசுனதாலதான் என் பொண்ணு இன்னைக்கு வீட்டுல இருக்கா. பேசாம இருந்த ரெண்டு நாளாலதான் அவ மூச்சுக்குத் தவிச்சா. ரெண்டுமே நெஜம்."

கதவை விட்டு ஓர் அடி முன்னே வந்தாள்.

"உங்க பிள்ளைங்களுக்கு எதிர்ப்புச் சக்தி அவங்க ரத்தத்துல இருக்கு. என் பொண்ணுக்கு அது உங்க வாயிலதான் இருக்கு. காய்ச்சல்னா காய்ச்சல்னு சொல்லுங்க. நீங்க மறைக்கிற காய்ச்சல், தாங்க முடியாத இன்னொரு உடம்பத் தேடித்தான் போகும்."